பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

2024 அக்டோபர் 5 அன்று மாலை, சமோவாவின் உப்போலு தீவுக்குத் தெற்கே நியூசிலாந்துக் கடற்படையின் மனவானுயி என்ற கப்பல் கடலடியை அளந்துகொண்டிருந்தது. அப்போது பவளப்பாறையில் தரை தட்டி, மறுநாள் காலை தீப்பிடித்துக் கவிழ்ந்து மூழ்கிவிட்டது. கப்பலில் இருந்த 75 பேரும் பிழைத்தார்கள். கப்பலைக் கைவிட்டு எல்லோரும் இறங்குங்கள் என்று அந்த இருட்டில் முடிவெடுத்தவர் கப்பலின் தலைவர். அவர் ஒரு பெண்.

ஏன் மூழ்கியது என்று யாருக்கும் தெரியாத அந்த முதல் நாட்களிலேயே பலர் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். "பெண் கையில் கப்பலைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?" அந்தக் கப்பலோடு எந்தத் தொடர்பும் இல்லாத பெண்கள்கூடச் சீருடையில் தெருவில் நடந்தபோது வசை கேட்டார்கள். பாதுகாப்பு அமைச்சர் ஜூடித் காலின்ஸ் முன்வந்து கண்டிக்கும் அளவுக்கு அது போயிற்று.

விசாரணையில் என்ன தெரிந்தது? கப்பலைத் திருப்பப் பார்த்திருக்கிறார்கள், திரும்பவில்லை. உந்துகருவி பழுது என்று நினைத்திருக்கிறார்கள். உண்மையில் ஆட்டோபைலட்டை யாரும் அணைக்கவில்லை. கப்பல் தனக்குச் சொல்லப்பட்ட திசையிலேயே கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இது மனிதத் தவறுதான். இதை மழுப்ப நான் வரவில்லை. கப்பலின் தலைமையில் இருப்பவர் கப்பலுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும், பெண் என்பதற்காக ஒரு சொல்கூடக் குறைத்துக் கேட்கக் கூடாது. ஆனால் 2025-இல் வந்த முழு அறிக்கை கப்பலை ஓட்டும் அறையோடு நிற்கவில்லை. பயிற்சியில் குறை, தகுதிச் சான்றில் குறை, ஆபத்தை முன்கூட்டி எடைபோடுவதில் குறை என்று கடற்படை அமைப்பையே சுட்டியது. முதல் நாளே பெண் மேல் பழி போட்டவர்கள் இந்தப் பக்கங்களைப் புரட்டியிருப்பார்களா?

நார்வேயிலும் இதே கதைதான். 2018 நவம்பர் 8, அதிகாலை 4 மணி. 'ஹெல்கே இங்ஸ்டாட்' என்ற போர்க்கப்பல் எண்ணெய்க் கப்பல் ஒன்றோடு மோதியது. உள்ளே இருந்த 137 பேரும் தப்பினார்கள். கப்பலில் பெண்கள் வழிநடத்தும் பணியில் இருந்தார்கள் என்ற ஒரு செய்தி போதுமாக இருந்தது, உலகமெங்கும் கேலி பரவ. அந்த நேரத்தில் கப்பலை ஓட்டும் பொறுப்பில் இருந்தவர் ஓர் ஆண். 2023-இல் நீதிமன்றம் தண்டித்ததும் அவரைத்தான். அவரையும் நான் வில்லனாக்க மாட்டேன். எண்ணெய்க் கப்பலின் மேல்தள விளக்குகள் எரிந்துகொண்டிருந்ததால், கரையிலிருந்த முனையத்தின் வெளிச்சத்தோடு அது கலந்துபோய், அசையாத பொருள்போலத் தெரிந்திருக்கிறது. போதிய அனுபவம் இல்லாதவரைப் பொறுப்பில் வைத்ததைப் பற்றியும் விசாரணை அமைப்பு எழுதியது.

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம்: பெண் உண்மையிலேயே தவறு செய்த இடமே இல்லையா? இருக்கிறது. 2017 ஜூன் 17 அன்று, ஜப்பானுக்கு அருகே அமெரிக்காவின் 'ஃபிட்ஸ்ஜெரால்ட்' போர்க்கப்பல் ஒரு சரக்குக் கப்பலோடு மோதியதில் 7 மாலுமிகள் இறந்தார்கள். அப்போது கப்பலை ஓட்டும் பொறுப்பில் இருந்தவர் ஓர் இளம் பெண் அதிகாரி. தூங்கிக்கொண்டிருந்த தலைவரை எழுப்பியிருக்க வேண்டும், எழுப்பவில்லை. 2018-இல் ராணுவ நீதிமன்றத்தில் நின்று, கடமை தவறினேன் என்று அவரே ஒப்புக்கொண்டார். கப்பலின் தலைவர் மீது இருந்த வழக்கோ மறு ஆண்டு கைவிடப்பட்டது, கண்டனக் கடிதத்தோடு முடிந்தது. பொறுப்பேற்பது என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் அந்த இளம் அதிகாரியைத்தான் காட்டுவேன்.

இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 21 அன்று, சிங்கப்பூர் அருகே அமெரிக்காவின் இன்னொரு போர்க்கப்பலான 'ஜான் எஸ். மெக்கெய்ன்' மோதி இன்னும் 10 பேர் போனார்கள். சுக்கானும் வேகமும் தொடுதிரையில். சுக்கானை ஓரிடத்திலும் வேகத்தை ஓரிடத்திலும் பிரிக்கப் போய், எது யார் கையில் என்றே தெரியாமல் போனது. அந்தத் திரையில் சரியாகப் பழகாதவர்கள் அங்கே நின்றார்கள். பிறகு கடற்படையே, பழையபடி கையால் தள்ளும் வேகக் கருவிக்குத் திரும்புகிறோம் என்றது. அதே காலத்தில் அந்நாட்டின் அரசுத் தணிக்கை அலுவலகம் சொன்னதையும் கேளுங்கள். மாலுமிகளில் சிலர் வாரத்துக்கு 100 மணி நேரத்துக்கு மேல் உழைத்தார்கள். ஜப்பானைத் தளமாகக் கொண்ட போர்க்கப்பல்களின் பயிற்சிச் சான்றுகளில் 37 விழுக்காடு காலாவதியாகிக் கிடந்தன. தூக்கமில்லாதவர் ஆணா பெண்ணா என்று கடல் பார்ப்பதில்லை.

நம் நாட்டுக்கு வருகிறேன். 2007-08 முதல் 2015-16 வரை நம் கடற்படைக் கப்பல்களிலும் நீர்மூழ்கிகளிலும் 38 விபத்துகள் நடந்ததாகத் தலைமைத் தணிக்கையாளர் பட்டியலிட்டார். அந்த ஆண்டுகளில் நம் போர்க்கப்பல்களில் பெண்களுக்குப் பணி கிடையாது. 2013 ஆகஸ்டில் மும்பையில் 'சிந்துரக்ஷக்' நீர்மூழ்கி வெடித்து 18 பேர் மாண்டார்கள். அடுத்த பிப்ரவரியில் 'சிந்துரத்னா' நீர்மூழ்கியில் புகை சூழ்ந்து இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். அன்றே கடற்படைத் தளபதி அட்மிரல் டி.கே. ஜோஷி தார்மிகப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். ஆண்களிடம் நீர்மூழ்கியைக் கொடுத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்போம், இல்லையா?

2020 மார்ச் 17 அன்று உச்ச நீதிமன்றம் கடற்படைப் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணியுரிமை தந்தது. நம்மிடம் உள்ள ரஷ்யத் தயாரிப்புக் கப்பல்களில் பெண்களுக்கு வசதி இல்லை என்றுகூட அரசுத் தரப்பு வாதாடிப் பார்த்தது, எடுபடவில்லை. 2023-இல் லெப்டினன்ட் கமாண்டர் பிரேர்ணா தியோஸ்தலி 'ஐ.என்.எஸ். திரிங்கட்' கப்பலின் தலைவரானார். 2024 அக்டோபரில் புறப்பட்டு, பாய்மரப் படகில் உலகைச் சுற்றிவந்த இருவரில் ஒருவரான ரூபா, நம் புதுச்சேரிப் பெண்.

பெண்கள் கப்பல் நடத்தும் நாட்டில் என்றாவது ஒரு நாள், ஒரு பெண்ணின் தலைமையில் ஒரு கப்பல் தரை தட்டும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள்; அன்று அப்படி ஆகாமல் இருக்க ஒரே வழிதான் எனக்குத் தெரிகிறது. நியூசிலாந்தும் நார்வேயும் தங்கள் விசாரணை அறிக்கைகளைப் பொதுமக்கள் முன் வைத்தன. அதனால்தான் ஆட்டோபைலட்டைப் பற்றியும், அந்த மேல்தள விளக்கைப் பற்றியும் இன்று உங்களிடம் நான் பேச முடிகிறது. நம் கடற்படை விபத்துகளின் அறிக்கைகளும், ரகசியம் காக்கவேண்டிய பகுதிகளை மட்டும் நீக்கிவிட்டு, நாடாளுமன்றத்தின் மேசைக்கு வரவேண்டும். தலைவர் ஆணாக இருக்கும் அடுத்த விபத்திலிருந்தே இதைக் கேட்கத் தொடங்குவோம்.

நன்றி.