கறிக்கடைக்காரர் வைத்த கல்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பழைய ரோமில் குடும்பத்தார் முகங்களை வடித்து வைத்தது பாசத்தாலா, பகட்டாலா என்பது கேள்வி. பாசத்தால்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் பாலிபியஸைத் துணைக்கு அழைத்தார். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோமில் இருந்த கிரேக்க வரலாற்றாசிரியர் அவர். பெரிய வீட்டுச் சாவு என்றால், முன்னோரின் மெழுகு முகமூடிகளை உயரமும் சாயலும் ஒத்த ஆட்களுக்கு மாட்டி, அவரவர் பதவிக்குரிய உடையும் போட்டு ஊர்வலமாக அழைத்துப் போவார்கள். பொது மன்றத்தில் யானைத் தந்தத்தால் ஆன நாற்காலிகளில் வரிசையாக உட்காரவைப்பார்கள். “இது பகட்டு இல்லையா?” என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார். சரி, பகட்டுதான். செத்த பிறகும் நாற்காலியை விடாதவர்கள்!

ஆனால் அந்த மெழுகு முகங்கள் யார் வீட்டில் இருந்தன? அரசின் உயர்பதவி வகித்தவர்களின் குடும்பங்களில். அப்படியானால் ரோம் முழுக்க அவர்கள்தானா? நண்பர் மாளிகையின் முன்கூடத்தோடு திரும்பிவிட்டார். நான் ரோமிலிருந்து வெளியே போகும் நோமெந்தானா சாலைக்குப் போகிறேன்.

அங்கிருந்து கிடைத்த ஒரு கல்லறைப் பலகை இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.மு. 80 வாக்கில் செதுக்கியது. கணவர் அவுரேலியஸ் ஹெர்மியா, ரோமின் விமினால் குன்றில் கறிக்கடை வைத்திருந்தவர். மனைவி அவுரேலியா ஃபிலெமாட்டியம். இருவருமே அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர்கள். கல்லில் எதிரெதிரே நிற்கிறார்கள். அவர் கையை எடுத்து அவள் முத்தமிடுகிறாள். “ஏழு வயதில் என்னை மடியில் ஏற்றுக்கொண்டார், பெற்றவரைவிட மேலாக இருந்தார்” என்று அவளே பேசுவதுபோல் பக்கத்தில் எழுத்து. நாற்பது வயதில் இறந்திருக்கிறாள். இதில் எங்கே ஐயா பதவி? எங்கே பரம்பரை?

இன்னொன்று யோசியுங்கள். ரோமானியச் சட்டத்தில் அடிமைக்குத் திருமணம் கிடையாது. பிறக்கும் பிள்ளை தாயின் எஜமானருக்குச் சொத்து. விடுதலைக்குப் பிறகுதான் ‘என் மனைவி’ என்று சட்டப்படி சொல்ல முடியும். அதனால்தான் அப்படிப்பட்டவர்களின் கல்லறைகளில் கணவனும் மனைவியும் வலக்கை பற்றி நிற்கும் உருவங்களை அத்தனை பார்க்கிறோம். நடுவில் ஒரு பிள்ளை இருந்தால், கழுத்தில் புல்லா என்ற தாயத்து. சுதந்திரனாகப் பிறந்த பிள்ளைக்கு உரிய அடையாளம் அது. பெற்றவர்களுக்குக் கிடைக்காதது.

“சாலையோரம் வைத்தது ஊர் பார்க்கத்தானே?” என்று நண்பர் எழுந்து கேட்பார், தெரியும். ஊருக்குள் புதைக்கவோ எரிக்கவோ கூடாதென்று ரோமின் பழைய சட்டத்தொகுப்பான பன்னிரு பலகைச் சட்டமே சொன்னது. கல்லறைகள் சாலையோரம் போனது அதனால்தான். ஊர் பார்க்கட்டும் என்ற ஆசையும் இருந்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நடுவர் அவர்களே, காட்ட எத்தனையோ இருக்க, அந்தக் கறிக்கடைக்காரர் காட்டியது கடையை அல்ல, கையில் விழுந்த முத்தத்தை.