நான்கு மணிக்குப் பூட்டாதீர்கள்

மேடையில் வீற்றிருக்கும் மாண்பமை துணைவேந்தர் அவர்களே, தலைமை தாங்கும் முதல்வர் அவர்களே, வணிகவியல் துறைத் தலைவர் அம்மையார் அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியப் பெருமக்களே, பின்வரிசையில் செல்போனோடு அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். துணைவேந்தர் அவர்கள் இன்னொரு விழாவுக்குப் போக வேண்டியவர். நமக்காகக் காத்திருக்கிறார். அதற்குத் தனி நன்றி.

இணையவழிப் பாடத்தையும் வகுப்பறையையும் இணைப்பது எப்படி? மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். எதை வீடியோவுக்கு விடுவது, வகுப்பில் என்ன செய்வது, மதிப்பெண்ணை எப்படிப் பிரிப்பது.

வழி திறந்துதான் இருக்கிறது. ஒரு பாடத்தில் 40 சதவீதம் வரை இணையத்தில் நடத்தலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் கருத்துரு வெளியிட்டது. மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயம் 2017-இல் வந்தது. ஐ.ஐ.டி.கள் தொடங்கிய என்.பி.டி.இ.எல். என்ற வீடியோ பாடத் திட்டம் அதற்கும் மூத்தது. வீடியோவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சித்திரமும் கைப்பழக்கம்!

ஒரு மாணவர். அப்பாவுக்கு மளிகைக் கடை. நம் கணக்கையும் வங்கியின் கணக்கையும் ஒத்துப் பார்க்கும் 'வங்கிச் சரிகட்டும் பட்டியல்' பற்றிய வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தார். கடைசியில் கேட்ட வினாக்களில் முழு மதிப்பெண். அப்புறம் கடையின் பாஸ்புக்கை எடுத்துக் கணக்கோடு ஒத்துப் பார்த்தார். இவர் பற்று என்று எழுதியதெல்லாம் அங்கே வரவு! நேராக வங்கிக்குப் போய், "சார், மொத்தத்தையும் தலைகீழா எழுதியிருக்கீங்க" என்று ஒரே சத்தம். பென்ஷன் வாங்க வந்த பாட்டி பயந்துபோய், "எனக்கும் அப்படித்தான் போட்டிருக்கா பாரு தம்பி" என்று தன் பாஸ்புக்கை நீட்டினார். மேனேஜரே எழுந்து வந்துவிட்டார். "தம்பி, பணத்தை எங்ககிட்ட குடுத்துட்டீங்க. இப்ப யார் கடன்காரங்க?" "நீங்கதான்." "நாங்க உங்களுக்குத் தர வேண்டிய அந்தக் கடனைத்தானே எங்க கணக்குல வரவுன்னு எழுதியிருக்கோம்!"

மறுநாள் அதை அவர் வகுப்பில் சொல்ல, ஒரு மணி நேரம் பிள்ளைகளே வாதாடினார்கள். ஆசிரியருக்கு வேலையே இல்லை. வீடியோவில் ஒரு குறையும் இல்லை, நன்றாகவே விளக்கியிருந்தார்கள். தப்பாகப் புரிந்துகொண்டது வெளியே வர அங்கே இடமில்லை, அவ்வளவுதான். விளக்கத்தை வீட்டில் கேட்கட்டும், சண்டையை வகுப்பில் போடட்டும். முதல் இரண்டு விஷயமும் இதிலேயே அடங்கிவிட்டன.

ஆனால் எந்த வீட்டில்? ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. டாலி என்ற கணக்கு மென்பொருளும் எக்செலும் உள்ளங்கை அகலத் திரையில் பழகுகிற சமாச்சாரமா? சித்திரமும் கைப்பழக்கம் என்கிறோம், கை வைக்கக் கணினி கொடுத்தோமா? கல்லூரியில் இருக்கும் கணினி அறையை நான்கு மணிக்கே பூட்டிவிடுகிறோம். போகிற மேடையிலெல்லாம் இதையே சொல்வதால் எனக்குப் 'பூட்டு வாத்தியார்' என்றே பெயர். இருக்கட்டும். 40 சதவீதத்துக்கு அனுமதி வாங்கிவிட்டு அதைப் படிக்கும் அறைக்குப் பூட்டுப் போட்டால், அந்தப் பாடம் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான்.

மதிப்பெண் பற்றிப் பேச நேரமில்லை. என்.பி.டி.இ.எல். போல வாரப் பயிற்சிக்கு 25, நேரடித் தேர்வுக்கு 75 என்பது நமக்குப் பொருந்துமா என்பதைத் தேநீர் இடைவேளையில் பேசலாம்.

மனுவைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். கணினி அறை இரவு ஏழு வரை திறந்திருக்க வேண்டும், உதவியாளருக்குக் கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் வேண்டும், ஏழேகாலுக்குப் பெண் பிள்ளைகளுக்கு ஒரு பஸ் வேண்டும். துணைவேந்தர் அவர்கள் கிளம்புவதற்கு முன் இதைப் பெற்றுக்கொள்ள வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.