மடையை அடைத்தவர் மீது எந்தப் பிரிவு?

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, திருவாரூர்ப் பெரியோர்களே, வணக்கம். 'நீதிக்கு இடையூறு என்னும் குற்றத்தின் வரையறையை விரித்தால் நீதி பிழைக்குமா, உரிமை பறிபோகுமா?' என்பது தலைப்பு. நீதி பிழைக்கும் என்று பேச வந்திருக்கிறேன்.

மேடைக்கு வருமுன் கல்தேரைப் பார்த்துவிட்டு வந்தேன். மனுநீதிச் சோழன் கதையில் எல்லோரும் தேர்க்காலைப் பேசுவோம். நான் மணிக்கயிற்றைப் பேசுகிறேன். கன்றை இழந்த பசுவுக்கு அந்தக் கயிறு எட்டியது. இளவரசன் பெயர் கெடக்கூடாது என்று அரண்மனை ஆள் ஒருவர் கயிற்றைச் சுருட்டி மேலே கட்டியிருந்தால்? பசுவை அடித்திருக்க மாட்டார், மிரட்டியிருக்க மாட்டார். மணி மட்டும் ஒலித்திருக்காது. நம் வழக்குகளில் இன்று நடப்பது பெரும்பாலும் இந்தக் கயிறு சுருட்டும் வேலைதான்.

என் சித்தப்பாவுக்கு வெண்ணாற்றுப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர். ஒருநாள் விடியற்காலையில் மணல் லாரி ஒன்று சைக்கிளில் போனவரை அடித்துப் போட்டுவிட்டுப் போனதைக் கண்ணால் பார்த்தார். போலீஸில் சொன்னார், எழுதிக்கொண்டார்கள். அப்புறம் யாரும் வீட்டுக்கு வந்து கத்தி காட்டவில்லை. ஒரு சுடுசொல் இல்லை. ஆனால் முறைப்பாசனத்தில் அவர் முறை வரும்போதெல்லாம் மடை அடைபட்டிருந்தது. நடவுக்கு ஆள் வரவில்லை. சொல்லிவைத்த அறுவடை மெஷின் பக்கத்து வயல்வரை வந்து திரும்பிப் போனது. சாய்ந்த கதிர் மழையில் முளைவிட்டது. அந்த வரப்பில் சித்தி உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வழக்கு விசாரணைக்கு வந்தபோது சித்தப்பா கூண்டில் ஏறி, "எனக்கு ஒன்றும் தெரியாது" என்றார். பிறழ்சாட்சி என்று அறிவித்தார்கள்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், நீதிமன்ற விசாரணையில் பொய் சாட்சி சொன்னால் 229-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை. ஆக, என் சித்தப்பாவுக்குப் பிரிவு தயாராக இருக்கிறது. மடையை அடைத்தவருக்கு? 232-ஆம் பிரிவு இருக்கிறதே என்பீர்கள். உடலுக்கோ பெயருக்கோ சொத்துக்கோ கேடு செய்வதாக மிரட்டிப் பொய் சாட்சி சொல்லத் தூண்டுவதை அது பிடிக்கும். இங்கே மிரட்டியதாகக் காட்ட ஒரு வார்த்தைகூட இல்லையே! ஊரே ஒதுக்கிவைத்து ஒருவரை ஒடுக்குவது குற்றம் என்று மகாராஷ்டிரம் 2016-இல் தனிச் சட்டம் இயற்றியது. சாட்சியை அப்படி ஒதுக்கினால், அது நீதிக்குச் செய்த இடையூறு என்று வரையறையில் இருக்க வேண்டாமா?

சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் போதும் என்றார் எதிரணித் தோழர். 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற நல்ல திட்டம்தான். அதில் பாதுகாப்பு ஒரு தடவைக்கு 3 மாதம் வரைதான். கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகியது 2004 ஜூலையில். தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2014 ஜூலையில். பத்து வருடம் ஒரு சாட்சி தாக்குப்பிடிக்க வேண்டும் ஐயா.

இன்னொன்று, அழியவிடுவது. 2020-இல் சாத்தான்குளம் போலீஸ் பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் இறந்தபோது, காவல் நிலையக் கேமரா பதிவு அன்றாடம் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததாக நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை தந்தார். ஒருவர் கையால் அழித்தால் குற்றம். தானாக அழியட்டும் என்று தெரிந்தே விட்டால்? அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், காவல் நிலையப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்கும் வசதி வேண்டும் என்றது. வைக்கத் தவறுவதும் இடையூறுதான் என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

வரையறையை விரித்தால் சட்டம் சம்பந்தமில்லாதவர் மீதும் பாயும் என்பதற்கு எதிரணி சொன்ன அமெரிக்க மீன் கதைக்கு வருகிறேன். கம்பெனிக் கணக்குகளை அழிப்பவர்களைப் பிடிக்க அங்கே 2002-இல் ஒரு சட்டம் வந்தது. 20 ஆண்டு வரை சிறை. புளோரிடாவில் அளவு குறைந்த மீன்களை அதிகாரி ஒதுக்கிவைக்கச் சொன்ன பிறகு கடலில் எறியச் செய்த படகுக்காரர் மீது அதைப் பாய்ச்சினார்கள். 2015-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், மீனுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்றது. எனக்கு அது படிப்பிக்கும் பாடம், வாசகத்தை ஒழுங்காக எழுத வேண்டும் என்பது.

உங்கள் அச்சம் எனக்கும் உண்டு. 2017-இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது மறித்து நின்றவர்களைச் சிறையில் அடைத்ததை இந்த டெல்டா மறக்கவில்லை. அவர்கள் நீதி கேட்டு நின்றவர்கள். அதனால் புதிய வரையறையில் வேலியையும் சேர்த்தே கேட்கிறேன். குறிப்பிட்ட ஒரு வழக்கு அல்லது விசாரணை இருக்க வேண்டும். அது தெரிந்திருக்க வேண்டும். சாட்சியத்தைத் தடுக்கும் நோக்கம் நிரூபணமாக வேண்டும். போராட்டமும் பத்திரிகைச் செய்தியும் வக்கீல் தரும் ஆலோசனையும் இதில் வராது என்று சட்டத்திலேயே எழுத வேண்டும்.

அன்று கோர்ட் வாசலில் சைக்கிள்காரரின் மனைவி நின்றிருந்தார். சித்தப்பா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை, பஸ் ஏறும்வரை செருப்பையே பார்த்துக்கொண்டு நடந்தார். அவரை அப்படிப் பேசவைத்தவர்களின் பெயர் எந்தக் குற்றப்பத்திரிகையிலும் இல்லை. அவர்கள் செய்ததற்கு ஒரு பெயரும் ஒரு பிரிவும் வேண்டும் என்று நடுவரிடம் கேட்டு அமர்கிறேன். வணக்கம்.