பி7 கட்டத்து மந்திரி

நேயர்களுக்கு வணக்கம். 2013 ஜனவரியில் நெதர்லாந்தின் விக் ஆன் சீயில் நடந்த டாடா ஸ்டீல் போட்டியில், அப்போதைய உலக சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்த், ஆர்மேனியாவின் லெவோன் அரோனியனைக் கறுப்புக் காய்களுடன் 23 நகர்த்தல்களில் வென்றார். வீட்டில் சதுரங்கப் பலகை இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசையையும் எண் குறுக்குவரிசையையும் குறிக்கும். காதால் கேட்பதைவிடக் கண்ணால் காண வேண்டிய ஆட்டம் இது.

ஆடப்பட்ட தொடக்கம், அதாவது முதல் நகர்த்தல்களின் வரிசை, மெரான். 1924இல் மெரான் நகரில் குரூன்ஃபெல்டுக்கு எதிராக ரூபின்ஸ்டைன் ஆடியதால் வந்த பெயர். ஆனந்துக்கு இது பழகிய ஆயுதம். 2008இல் பான் நகரில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் ரஷ்யாவின் கிராம்னிக்கை இரண்டு முறை இதனால்தான் வீழ்த்தினார். கறுப்பு முதலில் சி4 சிப்பாயை வெட்டி, அதைத் திரும்ப வெட்டும் வெள்ளை மந்திரியைப் பி5 சிப்பாயால் விரட்டி, தன் மந்திரிக்குப் பி7இல் இடம் பிடிக்கிறது. ஆனால் சி6 சிப்பாய் வழிமறித்து நிற்கும்வரை அந்த மந்திரிக்கு விடுதலை இல்லை.

12ஆவது நகர்த்தலில் ஆனந்த் அந்தச் சிப்பாயைச் சி5க்குத் தள்ளினார். அரோனியனின் குதிரை உடனே எச்7 சிப்பாயை வெட்டியது. அதைத் திரும்ப வெட்டாமல் ஆனந்த் தன் குதிரையை ஜி4இல் நிறுத்தினார். மூன்று நகர்த்தல் கழித்து இன்னொரு குதிரையை ஈ5இல், வெள்ளைச் சிப்பாயின் வாயிலேயே வைத்தார். வெட்டினால், ராணி டி4 சிப்பாயை வெட்டி செக் சொல்லும்; ராஜா மூலைக்கு ஒதுங்கியதும் ஜி1இல் ராணியையே பலிகொடுத்து, குதிரையால் எஃப்2இல் செக்மேட். எத்தனை முறை ஆடிப் பார்த்தாலும் என்னை மெய்சிலிர்க்க வைக்கும் இடம் இது.

அரோனியன் அதில் விழவில்லை; பிறகு எஃப்8இல் ஒரு யானையையும் வெட்டினார். எச்7இல் வெள்ளை ராணி செக்மேட் செய்யக் காத்திருந்த அந்த நிலையில், யானையை வெட்டிய குதிரையைத் தொடாமல் எஃப்5 சிப்பாயால் ராணியின் வழியை ஆனந்த் அடைத்த நிதானத்தையே நான் இந்த ஆட்டத்தின் உச்சமாகக் கருதுகிறேன்.

கடைசி நிலையைப் பாருங்கள். பி7 மந்திரியின் பார்வையில் ஜி2 சிப்பாயும், எச்5 ராணியின் பார்வையில் எச்3 சிப்பாயும் தங்கள் ராஜாவை விட்டு அசைய முடியாமல் கட்டுண்டிருக்கின்றன. எச்3க்குக் காவல் டி3இல் நிற்கும் வெள்ளை ராணி மட்டுமே. ஆனந்த் தன் மற்றொரு மந்திரியை ஈ3இல், அந்த ராணிக்கும் சிப்பாய்க்கும் நடுவே வைத்தார். அரோனியன் தோல்வியை ஒப்புக்கொண்டார்.