பாசம் வந்தால்தான் பயம் வரும்

நடுவர் அவர்களே, ஈரோட்டு வாசகப் பெருமக்களே, வணக்கமுங்க.

நண்பர் படிக்க நாவல் கேட்டால் திகில் கதையைக் கொடுப்பதா, உருக்கமான கதையைக் கொடுப்பதா என்பதுதானே தலைப்பு? எதிரணித் தலைவர் திகிலுக்காக அழகாகப் பேசினார். கோவைக்காரர் ராஜேஷ்குமார் 1,500 நாவல்களுக்கு மேல் எழுதியதைச் சொன்னார். காந்திபுரத்தில் பஸ் ஏறும்போது பிரித்தால், சேலம் வருவதற்குள் கொலையாளி சிக்கிவிடுவான் என்றார். உண்மைதான். விடாமல் படிக்கிற பழக்கமே எனக்கு அந்தப் புத்தகங்களால்தான் வந்தது. ஆனால், கொலையாளி யாரென்று தெரிந்த பிறகு அதே நாவலை மறுபடி எடுப்போமா?

நான் கொடுப்பது ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்'. 1942இல் வந்தது. நம்ம கொங்குப் பேச்சு அப்படியே அதில் இருக்கிறது. நாகம்மாள் புருஷனை இழந்தவள். கொழுந்தன் சின்னப்பன் வீட்டில், மகள் முத்தாயாளோடு இருக்கிறாள். குடும்பத்து விவசாயக் காட்டில் தன் பங்கைப் பிரித்துக் கேட்கிறாள். ஊர்ப் போக்கிரி கெட்டியப்பன் தூபம் போடுகிறான். அவ்வளவுதான் கதை. ஒளித்துவைத்த மர்மம் எதுவும் இல்லை.

இதை என் அம்மிச்சிக்கு, அதான் அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு, வாசித்துக் காட்டினேன். திண்ணையில் கடலைக்காய் உரித்துக்கொண்டே கேட்டார். பங்குப் பேச்சு முற்றுகிற இடத்தில் கை நின்றுவிட்டது. "அந்தப் புள்ள கேக்கறது நாயந்தானே கண்ணு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சின்னப்பனும் பாவந்தான், அவன் என்ன பண்ணுவான்?" என்றார். அப்புறம் கடலைக்காயைத் தொடவே இல்லை. அங்கேதானுங்க திகில் பிறக்கிறது! இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, இரண்டு பேர் மேலும் நமக்குப் பாசம் வந்துவிட்டது. இனி யாருக்கு என்ன நடந்தாலும் நம்மால் தாங்க முடியாது. முடிவை நான் இங்கே சொல்ல மாட்டேன். ஆனால் அது தெரிந்தே நான் மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவையும், அந்த வரப்புப் பக்கம் போகாதே சாமி என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

எதிரணி கேட்கலாம், 1942க்கு அப்புறம் ஒன்றும் வரவில்லையா என்று. பெருமாள்முருகனின் 'பூக்குழி' 2013இல் வந்தது. வேறு சாதிப் பெண் சரோஜாவைக் கல்யாணம் பண்ணி, குமரேசன் தன் ஊருக்குக் கூட்டிவருகிறான். பாறைமேல் ஒரு குடிசை. மாமியாரின் ஓயாத வசவும் ஒப்பாரியும். அந்தப் பெண்ணுக்கு ஊரில் பேச்சுத்துணைக்குக்கூட ஆள் இல்லை. புருஷன் சோடாக்கடை வேலையாக வெளியூர் கிளம்பும்போதெல்லாம், எப்போது திரும்புவான் என்று நாமும் வழியைப் பார்க்கிறோம். துப்பாக்கி இல்லை, துப்பறிபவர் இல்லை. ஒரு சைக்கிள் வரத் தாமதமாகிறது, அவ்வளவுதான், வயிற்றைப் பிசைகிறது.

எதிரணித் தலைவருக்காகவே என் 'பூக்குழி' பிரதியைக் கொண்டுவந்திருக்கிறேன். வாங்கிக்கோங்க ஐயா. கடைசி இருபது பக்கத்தை மட்டும் பகலில், வீட்டில் நாலு பேர் இருக்கும்போது படியுங்கள்.