பேரனுக்குக் கதை சொன்ன போதகரம்மா

அன்பான தாய்மார்களே, சகோதரிகளே,

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கைத் தெரியாதவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டீர்கள். அவருடைய அப்பா போதகர், தாத்தாவும் போதகர் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நான் இன்று பேச வந்தது அவருடைய பாட்டியைப் பற்றி. அம்மாவைப் பெற்ற பாட்டி, ஜென்னி செலஸ்ட் வில்லியம்ஸ்.

1873-ல் அமெரிக்காவில், அட்லாண்டா நகரத்தில், ஒரு கறுப்பினத் தச்சர் வீட்டில் பிறந்தார். 13 பிள்ளைகளில் ஒருவர். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து அப்போது பத்து வருஷம்கூட ஆகவில்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பெண் 15 வயதில் ஸ்பெல்மன் செமினரியில் படிக்கப் போனார். அது கறுப்பினப் பெண்களுக்காக 1881-ல் தொடங்கிய பள்ளி. படிப்பை முடிக்காமலேயே 1892-ல் வெளியே வந்தார். 1899 அக்டோபர் 29 அன்று எபெனேசர் பாப்டிஸ்ட் சபையின் போதகர் ஏ. டி. வில்லியம்ஸுக்கு வாழ்க்கைப்பட்டார்.

வில்லியம்ஸ் 1894-ல் அந்தச் சபைக்கு வந்தபோது அங்கே இருந்தவர்கள் 13 பேர். பிறகு சபை நூற்றுக்கணக்கில் பெருகியது. அவருடைய பிரசங்க வன்மையையும், கறுப்பின மக்களின் உரிமைக்காக அவர் தலைமை ஏற்று நின்றதையும் எழுதியிருக்கிறார்கள். எழுத வேண்டியதுதான். ஆனால் 13 பேர் நூற்றுக்கணக்கானவர்கள் ஆவதற்குப் பிரசங்கம் மட்டும் போதாது என்பது உங்களுக்குத் தெரியும். யார் வீட்டில் சுகமில்லை, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதெல்லாம் முதலில் போதகரம்மா காதுக்குத்தான் வரும். சபையின் பெண்கள் மிஷனரி சங்கத்தைப் பல வருஷம் நடத்தியவர் ஜென்னி அம்மா. 1906-ல் வெள்ளையர் கும்பல் அட்லாண்டா தெருக்களில் இறங்கிக் கறுப்பின மக்களைக் கொன்ற நாட்களில், சிறு பெண் குழந்தையை வைத்துக்கொண்டு அவர் அந்த ஊரில்தான் இருந்தார். அதற்குப் பிறகும் ஊரை விட்டுப் போகவில்லை. 1909-ல் ஆபர்ன் அவென்யூவில் ஒரு வீட்டை வாங்கிக் குடியேறினார்கள்.

அந்த ஒரே மகள்தான் ஆல்பர்ட்டா. 1926-ல் மைக்கேல் கிங் என்ற இளம் போதகரை, அதாவது மார்ட்டினின் அப்பாவை, மணந்து, கணவரோடு அப்பா வீட்டிலேயே இருந்தார். மூன்று பேரப்பிள்ளைகளும் அந்த வீட்டில் பிறந்தவர்கள். 1931-ல் வில்லியம்ஸ் இறந்தார். மருமகன் அதே பிரசங்க பீடத்தில் ஏறினார். ஜென்னி அம்மா பேரப்பிள்ளைகளோடு இருந்தார். அந்தப் பிள்ளைகள் பாட்டியை அம்மா என்றே கூப்பிட்டார்கள்.

மாலை நேரங்களில் அவர்களை உட்கார வைத்துக் கதை சொல்வாராம். இதைச் சொல்பவர் பேரன் மார்ட்டினேதான். 1950-ல் இறையியல் கல்லூரியில் படித்தபோது தன் விசுவாசம் வளர்ந்த விதத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பேரப்பிள்ளைகளில் தான்தான் பாட்டிக்குச் செல்லப்பிள்ளையோ என்று தனக்குத் தோன்றுவதுண்டு என்று அதில் எழுதியிருக்கிறார். அப்பா கண்டிப்பானவர். பையனை அடிப்பார். பையன் அழமாட்டான். அதைப் பார்க்கத் தாங்காமல் அழுவது பாட்டிதான்.

ஒரு தடவை தம்பி மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கி வந்து பாட்டிமேல் மோதிவிட்டான். பாட்டி நினைவில்லாமல் விழுந்தார். செத்துவிட்டார் என்று நினைத்த மார்ட்டின் மாடி ஜன்னலிலிருந்து குதித்தான். பாட்டிக்கு ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் எழுந்து வந்தான்.

அப்புறம் 1941 மே 18, ஒரு ஞாயிற்றுக்கிழமை. மவுண்ட் ஆலிவ் பாப்டிஸ்ட் சபையில் பெண்கள் ஞாயிறு ஆராதனை. ஜென்னி அம்மா அங்கே போயிருந்தார். அங்கேயே மாரடைப்பு வந்து இறந்துபோனார். அந்த நேரம் 12 வயது மார்ட்டின் வீட்டில் சொல்லாமல் ஊர்வலம் பார்க்கப் போயிருந்தான். திரும்பி வந்ததும் செய்தியைக் கேட்டான். தான் செய்த தவறுக்குத்தான் தேவன் இப்படித் தண்டித்தார் என்று நினைத்து மறுபடியும் மாடியிலிருந்து குதித்தான். நாள் கணக்காக அழுதான்.

அப்பாவும் அம்மாவும் அவனை உட்கார வைத்துப் பேசினார்கள். பாட்டி இன்னும் உயிரோடுதான் இருக்கிறார் என்று எடுத்துச் சொன்னார்கள். நித்திய வாழ்வைப் பற்றி அவன் ஆழமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. இன்று நான் அதை இவ்வளவு உறுதியாக நம்புவதற்கு அதுதான் காரணம் போலும் என்று அந்தக் கட்டுரையில் எழுதுகிறார். பின்னாளில் எத்தனை பேரின் சவப்பெட்டி அருகே அவர் நின்று பேச வேண்டியிருந்தது! அமெரிக்காவின் பர்மிங்ஹாமில் 1963-ல் ஆலயத்தில் குண்டு வெடித்துச் சிறுமிகள் செத்தபோது, அவர்களைப் பெற்றவர்கள் முன்னால் நின்று, மரணம் முடிவல்ல என்று சொன்னார். அந்த நம்பிக்கையின் வேர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஆபர்ன் அவென்யூ வீட்டில் என்றுதான் நான் சொல்வேன்.

மகள் ஆல்பர்ட்டாவும் போதகர் மனைவியாக வாழ்ந்து, மகன்களையும் போதகர்களாக்கி, 1974 ஜூன் 30 அன்று எபெனேசர் ஆலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தபோது சுடப்பட்டு இறந்தார். தாய், மகள் இரண்டு பேருக்குமே முடிவு வந்தது ஆராதனைக்குப் போன இடத்தில்தான்.

நம் ஆலயங்களில் போதகர்களின் பெயரையும் ஊழியம் செய்த வருஷங்களையும் பலகையில் எழுதி மாட்டியிருப்போம். அந்தப் பலகையில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் மனைவியின் பெயரையும் எழுதச் சொல்லி உங்கள் சங்கம் கமிட்டியிடம் கேட்க வேண்டும். அந்தப் பெயர்களை நினைவு வைத்திருக்கும் மூத்த தாய்மார்கள் இங்கே முன்வரிசையிலேயே இருக்கிறீர்கள். இந்த வாரமே அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.