நான்கு செடிகளுக்கு முன்னால் ஒரு வாளி சவர்க்கார நீர்

வணக்கம் உறவுகளே. கேமராவை இப்படித் திருப்புகிறேன், பாருங்கள். நான் கஞ்சாச் செடி வளர்க்கும் கூடாரம் காலியாக இருக்கிறது. அறுவடை நேற்று இரவுதான் முடிந்தது. அடுத்த கன்றுகள் மேல்மாடி ஜன்னலோரத்தில் காத்திருக்கின்றன. ஆனால் இதைக் கழுவி உலர்த்தி முடிக்கும் வரை ஒரு கன்றுகூட உள்ளே வராது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது ஒன்ராறியோவில். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருக்கிறது. இங்கே ஒரு வீட்டில் நான்கு செடிகள் வளர்க்கலாம். வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் நான்குதான். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் ஒரு செடிகூட வளர்க்க முடியாது. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ பார்க்கிறவர்கள் தயவுசெய்து இதை முயல வேண்டாம், அங்கே அது குற்றம். இந்த நிலக்கீழ் அறையின் கதவில் பூட்டு இருக்கிறது, பிள்ளைகள் இதற்குள் வருவதில்லை.

சுத்தத்தில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு என் கணவருக்குக் கீமோ சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. குமட்டலுக்காக, மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் கஞ்சா எடுத்துக்கொண்டார். அவருக்காகவே அந்த நான்கு செடிகளையும் வளர்த்தேன். பூக்கத் தொடங்கி ஏழாவது வாரம். ஒரு பெரிய பூங்கொத்தின் நடுவில் ஒரே ஒரு சிறிய இலை மட்டும் மஞ்சளாகி நின்றது. தொட்டேன், கையோடு வந்துவிட்டது. கொத்தைப் பிளந்து பார்த்தால் உள்ளே தண்டு பழுப்பாகி, அதைச் சுற்றிச் சாம்பல் நிறப் பஞ்சு. போட்ரைடிஸ் என்னும் பூஞ்சை அது. வெளியிலிருந்து பார்த்தபோது அவ்வளவு அழகான பூ!

கெட்டுப்போன பகுதியை மட்டும் வெட்டிவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அவர் உடம்பில் அப்போது நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லை. பூஞ்சை வித்துகள் கண்ணுக்குத் தெரியாது, நுரையீரலுக்குள் போனால் அப்படிப்பட்டவருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். நான்கையும் பையில் கட்டி எறிந்தேன். பிறகு கூடாரத்தின் தரையைப் பார்த்தேன். உதிர்ந்த இலைகள் அப்படியே கிடந்தன. தொட்டியின் அடித்தட்டில் வடிந்த நீர் தேங்கியிருந்தது. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் ஓடிய அந்த வாரங்களில் நான் கூட்டவே இல்லை. வித்துகள் காற்றில் எப்போதும் இருக்கின்றன, அவற்றை யாரும் ஒழிக்க முடியாது. அவற்றுக்குச் சோறும் தண்ணீரும் வைத்தது நான்தான்.

சரி, வேலையைத் தொடங்குகிறேன். விளக்கு, மின்விசிறி எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிட்டேன். முதலில் தூசி உறிஞ்சி, மேலிருந்து கீழாக. அடுத்து சவர்க்கார நீர். இதைத் தவிர்க்காதீர்கள், அழுக்கின் மேல் எந்தக் கிருமிநாசினியும் சரியாக வேலை செய்யாது. சுவருக்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. தட்டுக்கும் தொட்டிக்கும் பிளீச், ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர், பத்து நிமிடம் ஊறட்டும். பிளீச்சோடு வினிகரையோ அமோனியா கலந்த துப்புரவுத் திரவத்தையோ சேர்க்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். இவ்வளவு சிறிய அறையில் அது விளையாட்டல்ல.

இந்தக் கத்தரிக்கோலைக் கொஞ்சம் கிட்டே காட்டுகிறேன். பிசின் ஒட்டிக் கருத்துப்போயிருக்கிறது, தெரிகிறதா? ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இதைக் கரைத்துவிடும். பளபளப்பு வந்ததும் சுத்தமாகிவிட்டது என்று நானும் நெடுநாள் நம்பினேன். ஹாப் லேட்டன்ட் வைராய்டு என்று ஒன்று இருக்கிறது, வைரஸைவிடச் சிறிய நோய்க்கிருமி அது, ஒரு செடியின் சாற்றோடு கத்தரிக்கோலில் ஏறி அடுத்த செடிக்குப் போய்விடும். செடி குறுகும், பிசின் குறையும், சில செடிகளில் எந்த அறிகுறியும் தெரியாது. அதை ஆல்கஹால் நம்பும்படி அழிப்பதில்லை, பிளீச் அழிக்கிறது. ஆகவே பிசினுக்கு ஆல்கஹால், அதன்பின் பிளீச், பிறகு நல்ல நீரில் அலசித் துடைத்துவிடுவேன், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும். ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும்போதும் இதேதான்.

செடிகள் வந்தபின் நாள்தோறும் ஐந்து நிமிடம் போதும். உதிர்ந்ததைப் பொறுக்குவேன், தட்டு நீரைக் கொட்டுவேன், இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடிக் காற்று வறண்டால் சிலந்திப்பேன் அங்கேதான் குடியேறும். மேல்மண் எப்போதும் ஈரமாக இருந்தால் சின்னஞ்சிறு ஈக்கள் பெருகும், மஞ்சள் ஒட்டும் அட்டை அவை வந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும். பூக்கும் காலத்தில் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். கோடையில் தோட்ட வேலை செய்த உடையோடு இந்தக் கதவைத் திறப்பதில்லை.

இப்போது துடைத்து முடித்தாயிற்று. இந்த மூலையில், தையல் மடிப்பில், விரலை வைத்துப் பார்க்கிறேன். இன்னும் ஈரம் இருக்கிறது. மின்விசிறியைப் போட்டுவிட்டு ஜிப்பைத் திறந்தே வைக்கிறேன். கன்றுகள் நாளை மறுநாள்தான் இறங்கும்.